ஒரு விசாவில் இரண்டு பேர்: வாசகர் கேள்வி பதில்

கணவனும் மனைவியுமாக வெளிநாடு போகிறவர்கள் எந்த வேலை விசாவை எடுப்பது என்று தொண்டி, கீழக்கரை, ராமேஸ்வரம், சாயல்குடி பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். சம்பள வரம்பும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டும் முன் அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மச்சானுக்கு (என் கணவருக்கு) துபாயில் கம்பெனி விசா வந்திருக்கிறது. சம்பளம் 3,500 திர்ஹம், ரூம் கம்பெனி தருமாம். நான் பி.காம்., ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறேன். "விசிட் விசாவில் வந்துவிடுங்கள், வேலை பார்த்துக்கொண்டே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் விசா எடுத்துத் தருபவர். வாப்பா வேண்டாம் என்கிறார்கள். எது சரி?
வாசகி, கீழக்கரை

வாப்பா சொல்வதையே கேளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம், இன்டர்வியூவுக்குப் போகலாம். ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நல்ல கம்பெனி இதில் தலையைக் கொடுக்காது. கொடுக்கிற கம்பெனி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், லேபர் கார்டு இல்லாத நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

உங்கள் கணவர் உங்களை ஸ்பான்சர் செய்ய மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும்; இல்லையென்றால் 3,000 திர்ஹமும் தங்குமிடமும். 3,500 என்பதால் இரண்டாவது வழியில் வரலாம். ஆனால் ரூம் தருவதாக வாயால் சொன்னது செல்லாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இருந்தாலும் இன்னொரு முடிச்சு உண்டு. கம்பெனி தரும் ரூம் பெரும்பாலும் அடுக்குக் கட்டில் போட்ட, ஆறு பேர் படுக்கிற ரூம். அதைக் காட்டி மனைவிக்கு விசா எடுக்க முடியாது. குடும்பம் இருக்கத்தக்க வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை, துபாய் என்றால் இஜாரி என்ற அரசு வாடகைப் பதிவோடு, கேட்பார்கள். ஆகவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே, ரூமுக்குப் பதில் வீட்டுப்படி கொடுத்து மொத்தச் சம்பளத்தை 4,000க்கு மேல் காட்டச் சொல்லி அவர் கேட்கட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் வேலை பார்ப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. வேலை தரும் கம்பெனியே உங்கள் பெயரில் ரெசிடென்ஸ் விசா எடுப்பது ஒன்று. கணவரின் ஸ்பான்சரிலேயே இருந்துகொண்டு, கம்பெனி மூலம் வேலை பெர்மிட் மட்டும் பெறுவது இன்னொன்று. அங்குள்ள வேலை விளம்பரங்களில் "ஹஸ்பண்ட் விசா உள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்று பார்ப்பீர்கள். ரெசிடென்ஸ் செலவு கம்பெனிக்கு மிச்சம், அதுதான் காரணம். புதிதாகப் போகிறவர்களுக்கு எங்கள் ஓட்டும் இதற்குத்தான். வேலை பிடிக்காமல் விட்டாலும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. குறை என்னவென்றால், கணவரின் வேலை போனால் இரண்டு விசாவும் ஒன்றாகப் போகும். அவருடைய கம்பெனி சம்பளத்தைத் தள்ளித் தள்ளிப் போட ஆரம்பித்தாலே உங்கள் விசாவைத் தனியாக மாற்றிக்கொள்ளும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

"ஹஸ்பண்ட் விசாதான் இருக்கிறதே, பெர்மிட் எதற்கு" என்று சொல்கிற கடையில் சேராதீர்கள். பெர்மிட் இருந்தால் ஒரு வருடம் முடித்ததும், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி சேரும். பெர்மிட் இல்லாவிட்டால் அதைக் கேட்கவே வழியில்லை.

போகும் முறை இது: சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழும் அதன் அரபு மொழிபெயர்ப்பும் தயாரானதும் கணவர் உங்களுக்கு என்ட்ரி பெர்மிட் எடுப்பார். உள்ளே போன 60 நாளுக்குள் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐ.டி.க்குக் கைரேகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் முடித்து ரெசிடென்ஸ் பதிவாக வேண்டும்.

பாஸ்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் பலருக்கு ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் சிக்கல் செய்கிறது அமீரகம். ரெசிடென்ஸ் விசாவுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் நாளைக்கு உம்மாவையோ தங்கச்சியையோ விசிட்டில் கூப்பிடும்போது இது நினைவுக்கு வரும்.

கல்யாணம் கோவிலில் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. பதிவு செய்யவில்லை. கோவில் ரசீதும் பத்திரிகையும் இருக்கின்றன. இவை விசாவுக்குப் போதுமா? அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் என்று இரண்டு சொல்கிறார்களே, எது வாங்க வேண்டும்?
வாசகர், தேவிபட்டினம்

போதாது. ஜமாஅத் நிக்காஹ் புத்தகம், சர்ச் கொடுத்த தாள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம்: தூதரகங்கள் கேட்பது அரசுப் பதிவாளர் கொடுத்த சான்றிதழை.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி எல்லா மதத் திருமணங்களையும், உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். அந்த 150 நாளும் உங்களுக்குக் கடந்துவிட்டன. கவலை வேண்டாம், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். மற்ற மதத்தவர் இந்த நிலையில் இருந்தால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ், ஏற்கெனவே நடந்த திருமணமாகப் பதியலாம். அதற்கு 30 நாள் அறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். பயணத் தேதியை வைத்துக்கொண்டு இந்த 30 நாளில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

பதியும்போது எழுத்தைப் பாருங்கள். கருப்பையா என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஏ' சேர்த்து எழுதுவார், இன்னொருவர் விட்டு எழுதுவார். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்திருக்கும், ஆதாரில் 'கே' என்று மட்டும் இருக்கும். பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ரேஷன் கார்டில் கணவர் பெயர். விசா அதிகாரிக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். ஆகவே ஆதாரைப் பார்த்து எழுதாமல், இருவரின் பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து வைத்து, அதில் இருக்கிறபடியே சான்றிதழில் ஏற்றச் சொல்லுங்கள். இணையத்தில் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்வது பெரும்பாலும் கம்ப்யூட்டர் சென்டர்காரர்தான். அச்செடுத்துப் படித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். சான்றிதழ் வந்ததும் அழகாக லேமினேட் செய்துவிடாதீர்கள். லேமினேட் செய்த தாளில் முத்திரை குத்த முடியாது என்று திருப்பிவிடுவார்கள்.

அட்டெஸ்டேஷனா அப்போஸ்டிலா என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. தூதரக முத்திரை இல்லாமலே ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டுச்சீட்டும் போதும். ஓமன், பஹ்ரைன், 2021இல் சேர்ந்த சிங்கப்பூர், 2022இல் சேர்ந்த சவூதி இந்த வகை. அமீரகம், கத்தார், குவைத் என்றால் வெளியுறவு அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டின் தூதரகம், அங்கே போனதும் அவர்களின் வெளியுறவு அமைச்சகம் என்று இரண்டு முத்திரை கூடுதல். நாடு முடிவாகும் முன் அவசரப்பட்டு அப்போஸ்டில் வாங்கிவிட்டு, பிறகு துபாய் என்றதும் இரண்டாம் முறை செலவு செய்யாதீர்கள். இங்கிலாந்து, கனடா விசா விண்ணப்பத்துக்குப் பொதுவாக அப்போஸ்டில்கூடக் கேட்பதில்லை. பதிவுச் சான்றிதழே போதும்.

சிங்கப்பூர் ஷிப்யார்டில் ஆறு வருடமாக ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். எஸ் பாஸுக்கு மாற்றித் தருவதாகக் கம்பெனி சொல்கிறது. எஸ் பாஸ் வந்தால் மனைவியைக் கூட்டிப்போகலாம்தானே?
வாசகர், மண்டபம்

ஒர்க் பெர்மிட்டுக்கு அடுத்த படியான எஸ் பாஸ் வந்தால் மட்டும் முடியாது. மனைவிக்கான டிபென்டன்ட் பாஸைத் தீர்மானிப்பது உங்கள் பாஸின் பெயர் அல்ல, சம்பளம். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். ஓவர்டைம் அதில் சேராது. எஸ் பாஸின் ஆரம்பச் சம்பள வரம்பு 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி. வயது கூடக் கூட உயரும். அதற்கும் மேலான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கே 2025இலிருந்து ஆரம்பம் 5,600 வெள்ளிதான். அதாவது பெரிய பாஸ் கையில் இருந்தும் மனைவியைக் கூப்பிட முடியாதவர்கள் உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்குக் குடும்பப் பாஸ் கிடையவே கிடையாது.

இன்னொரு பழைய நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். டிபென்டன்ட் பாஸில் வந்த மனைவி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவது 2021 மே 1உடன் முடிந்தது. இப்போது அவருக்கும் தனியாக ஒர்க் பெர்மிட்டோ எஸ் பாஸோ வேண்டும். அப்படியானால் 6,000 வெள்ளிச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் கொடுத்து இருவர் வாழ முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். மனைவிக்கும் பட்டப்படிப்பும் வேலை அனுபவமும் இருந்தால், டிபென்டன்ட் பாஸைத் துரத்துவதைவிட அவருக்கென்று தனியாக ஒரு எஸ் பாஸ் தேடுவது பல தம்பதிகளுக்குச் சீக்கிரம் கைகூடும். இரண்டு தனிப் பாஸ், ஒரே வீடு.

மாற்றித் தருகிறோம் என்று சொல்லிக் கம்பெனி ஆள் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை தரவோ புதுப்பிக்கவோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். ஏஜென்சி வாங்குவதற்கும் உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. பாஸுக்கான முன் ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் என்று போட்டிருக்கும் எண்ணையும் வாயால் சொன்ன எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

நான் பி.எஸ்சி. நர்ஸிங், நான்கு வருட அனுபவம். வீட்டுக்காரர் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆம்பளை பெயரில்தான் விசா எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். ஒரு ஏஜென்ட், "இங்கிலாந்து கேர் விசா, குடும்பத்தோடு" என்று பல லட்சம் கேட்கிறார்.
வாசகி, ராமேஸ்வரம்

ஏஜென்ட் விற்பது மூடிவிட்ட கடையின் சரக்கு. கேர் ஒர்க்கராக (பராமரிப்புப் பணியாளராக) போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போவது 2024 மார்ச் 11இலேயே நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதே 2025 ஜூலை 22இல் நின்றுவிட்டது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பதிவு பெற்ற நர்ஸாகப் போகும் உங்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. விசாவின் பெயர் ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர் விசா. அதில் கணவரை டிபென்டன்டாகச் சேர்க்கலாம், தொழில்முறை விளையாட்டு தவிர எந்த வேலையும் அவர் பார்க்கலாம். மற்ற வேலை விசாவில் ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். இருவருக்கு மூன்று வருடம் என்றால் 6,210 பவுண்டு. உங்கள் விசாவில் அது இருவருக்குமே இல்லை. மறுபக்கம், அவர் பெயரில் எடுக்க நினைத்தாலும் 2025 ஜூலையிலிருந்து ஸ்கில்டு ஒர்க்கர் விசா பெரும்பாலும் பட்டதாரி நிலை வேலைகளுக்குத்தான். டிப்ளமோ வேலைக்கு வழி மிகக் குறுகல். மாமியாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: உங்கள் பெயரில் எடுத்தால்தான் அவர் மகனும் போக முடியும்.

படிகள்: முதலில் ஆங்கிலம். அங்குள்ள செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. கேட்பது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வு எழுதினால் பி நிலை, எழுத்தில் சி பிளஸ். இதே மதிப்பெண் விசாவின் ஆங்கிலத் தகுதிக்கும் செல்லும். அடுத்து கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி. தேர்வு. பிறகு மருத்துவமனையின் வேலை உத்தரவு, ஸ்பான்சர்ஷிப் சான்று. இந்தச் சான்றை யாரும் விற்க முடியாது. அதன் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதும் விதி. ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் முழுப் பட்டியலை பிரிட்டிஷ் அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை இருவருக்கும் வேண்டும். மருத்துவமனை பொறுப்பேற்காவிட்டால் உங்களுக்கு 1,270, கணவருக்கு 285 பவுண்டுக்கு நிகரான பணம் கணக்கில் 28 நாள் தொடர்ந்து கிடக்க வேண்டும். கைமாற்றாக வாங்கிப் போட்டு 27ஆம் நாள் எடுத்தவர்களின் விண்ணப்பம் போயே போயிற்று.

ஒரே விமானத்தில் போக வேண்டாம் என்பது எங்கள் யோசனை. வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வை நீங்கள் முதல்முறை எழுத வேண்டும். அதில் தேறிய பிறகுதான் நர்ஸ் சம்பளம் முழுதாக வரும். தேர்வு முடிந்ததும் கணவர் விண்ணப்பிக்கட்டும். பின்னால் வந்தாலும் அவர் விசா முடிவது உங்கள் விசா முடியும் அதே தேதியில்தான், ஆகவே உரிமையில் குறைவில்லை.

வளைகுடாவுக்கு நர்ஸாகப் போவதானால் பத்தாவது தேறியவருக்கான பாஸ்போர்ட் இருந்தாலும் இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் அங்கே பதிந்து வையுங்கள்.

சவூதியில் டிரைவர் வேலை. மனைவியையும் இகாமாவில் (தங்கும் அனுமதியில்) வைத்துக்கொள்ள ஆசை. எவ்வளவு ஆகும்?
வாசகர், தொண்டி

மனைவிக்கு மாதம் 400 ரியால் டிபென்டன்ட் கட்டணம், வருடம் 4,800 ரியால். இதை மாதாமாதம் கட்ட முடியாது, இகாமா புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கேட்கும். இதற்கு முன் இகாமாவில் உங்கள் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வண்டி ஓட்டினாலும் சிலருக்குத் தாளில் 'ஆமில்' (கூலித் தொழிலாளி) என்றுதான் இருக்கும். அந்தத் தொழிலுக்குக் குடும்ப விசா வராது. மனைவி அங்கே சம்பாதிப்பார் என்ற நினைப்பில் கணக்குப் போடாதீர்கள். கட்டுப்படியாகாவிட்டால் சில மாதம் குடும்ப விசிட் விசாவில் அழைத்துக்கொள்வதே உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும்.

இருவரும் சென்னையில் ஐ.டி. எனக்கு 33, மனைவிக்கு 29. இருவருக்கும் பட்டம், ஐந்து வருட அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் கனடா கணக்குப்படி எனக்கு நிலை 8, அவளுக்கு நிலை 9. யார் பெயரில் விண்ணப்பிப்பது? அமெரிக்க வேலை விசாவான எச்-1பிக்குக் காத்திருப்பது நல்லதா?
வாசகர், பெரியபட்டினம்

நிரந்தரமாகத் தங்குவதற்கான கனடாவின் மதிப்பெண் முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரர் ஆகலாம். வழக்கம்போல் கணவர் பெயரைப் போட்டுவிட்டு மதிப்பெண் போதவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம்.

நீங்கள் முதன்மை என்றால் வயதுக்கு 80, மொழிக்கு 88, பட்டத்துக்கு 112, மனைவியின் மொழிக்கும் பட்டத்துக்கும் 28. கூட்டினால் 308. படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தரும் கூடுதல் மதிப்பெண் 38. மொத்தம் 346. இனி மனைவி முதன்மை: வயதுக்கு 100, மொழிக்கு 116, பட்டத்துக்கு 112, உங்களுக்காக 20. ஆக 348. கூடுதல் மதிப்பெண் 75. மொத்தம் 423. அதே இரண்டு பேர், அதே சான்றிதழ்கள், 77 மதிப்பெண் வித்தியாசம். காரணம் மொழி நிலை 9. அந்தக் கோட்டைத் தாண்டினால் அனுபவத்துக்கான கூடுதல் 25இலிருந்து 50 ஆகிறது. நிலை 9 என்பது ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. நான்கில் ஒன்று அரைப் புள்ளி குறைந்தாலும் கோடு தாண்டாது. கையில் காசிருந்தால் கன்சல்டன்டுக்குக் கொடுப்பதைவிட இன்னொரு முறை தேர்வு எழுதுவதில் போடுங்கள்.

இதில் ஒரு குறுக்கு வழியும் சொல்லித் தருவார்கள்: "துணை உடன் வரவில்லை" என்று போட்டால் மனைவிக்கு 423, 429 ஆகும். ஆறு மதிப்பெண்ணுக்காகப் பொய் சொல்லி மாட்டினால் ஐந்து வருடத் தடை. அதைவிட மோசம், துணையையே தெரிவிக்காமல் விடுவது. விண்ணப்பித்தபோது கல்யாணம் ஆகாமல் இருந்து, அங்கே போய் இறங்கும் முன் கல்யாணம் ஆனவர்களும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காத துணையைப் பிறகு குடும்ப ஸ்பான்சரில் அழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஊரில் நிச்சயம் முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் போகாமல் தற்காலிக வேலை பெர்மிட்டில் போனால், துணைக்குத் திறந்த (எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கக்கூடிய) வேலை பெர்மிட் முன்போல் எல்லோருக்கும் இல்லை. 2025 ஜனவரி 21இலிருந்து உயர்நிலை வேலைகளில் இருப்பவர்களின் துணைக்கும் தேர்ந்தெடுத்த சில தொழில்களுக்கும் மட்டுமே. பெர்மிட்டில் 16 மாதமாவது மீதி இருக்க வேண்டும். உங்கள் ஐ.டி. வேலைகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

அமெரிக்கா, இரண்டு பேரும் சம்பாதிக்க நினைக்கும் தம்பதிக்கு எங்கள் பட்டியலில் கடைசி. எச்-1பி குலுக்கலில் விழ வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாக விண்ணப்பிக்கும் கம்பெனிக்கு 1 லட்சம் டாலர் கட்டணம். விழுந்தாலும் எச்-4இல் வரும் துணை, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்படும்வரை வேலை பார்க்க முடியாது. உங்கள் கம்பெனிக்கே அங்கே கிளை இருந்தால், கம்பெனிக்குள் இடமாற்றத்துக்கான எல்-1 விசா கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் ஒரு வருடமாவது அதே கம்பெனியில் இருந்திருக்க வேண்டும். எல்-2இல் வரும் துணை தனி அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம்.

ஜெர்மனியின் வேலை அனுமதியான ப்ளூ கார்டும் இதுபோல் நல்லதுதான். துணைக்கு முன்கூட்டியே ஜெர்மன் தேர்வு கேட்பதில்லை, வேலைக்கும் தடை இல்லை. ஆஸ்திரேலியாவின் புள்ளி விசாவில் துணையும் 45 வயதுக்குள் இருந்து, தொழில் மதிப்பீடும் ஆங்கிலமும் முடித்திருந்தால் 10 புள்ளி. ஆங்கிலம் மட்டும் என்றால் 5. மனைவிக்கும் தொழில் மதிப்பீட்டுச் செலவு எதற்கு என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

வீட்டுக்காரர் ஒன்பதாவது வரை படித்தவர், கடல் தொழில். பஹ்ரைனில் மீன்பிடி வேலை, எனக்கும் அங்கேயே வீட்டு வேலை என்கிறார் ஏஜென்ட். எனக்கு வயது 27. இரண்டு பேருக்கும் சேர்த்து 1,80,000 ரூபாய் கேட்கிறார்.
வாசகி, தங்கச்சிமடம்

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். வகை. பஹ்ரைன் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி இ-மைகிரேட் தளத்தில் அனுமதி பெற வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது ஆகாமல் அந்த அனுமதி கிடைக்காது. நீங்களும் பத்தாவது தேறவில்லை என்றால் ஏஜென்ட் உங்களை விசிட் விசாவில்தான் ஏற்றப் போகிறார். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் அடைத்து வைத்து வேலை வாங்கினாலும், நீங்கள் வேலைக்கு வந்தவர் என்பதற்கு அங்கே ஒரு தாள்கூட இருக்காது.

உங்கள் கணவர் மட்டும் போகலாம். உரிமம் பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் அதிகபட்சம் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்டின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைகிரேட் தளத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் சுற்றுகிற துணை ஏஜென்டுக்கு உரிமமே கிடையாது. இன்னொருவர் உரிமத்தைக் காட்டிப் பணம் வாங்குவார். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். கடலில் இறங்குகிறவருக்கு இந்த 375 ரூபாய்த் தாள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை ஒப்பந்தம், காப்பீடு, பாஸ்போர்ட், விசா, ஏஜென்ட் ரசீது இவற்றின் நகல் உங்கள் கையில் இருந்த பிறகுதான் அவர் கிளம்ப வேண்டும். ஒப்பந்தத்தில் தொழில் மீன்பிடி என்று இருக்கிறதா, படகு உரிமையாளரின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரானுக்குப் போகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்த 18 நாட்டில் ஈரான் இல்லை, ஆகவே இந்தக் காவல் எதுவும் அங்கே வராது.

நீண்ட வழி ஒன்று உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் இருவரும் பத்தாவது எழுதித் தேறினால் பாஸ்போர்ட் வகையே மாறிவிடும்.

ஜப்பானில் மீன்வளர்ப்பு வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறேன். கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி வர முடியுமா?
வாசகர், வாலிநோக்கம்

நீங்கள் எழுதப் போவது குறிப்பிட்ட திறன் முதல் வகை விசாவுக்கு. அதில் மொத்தம் ஐந்து வருடம் இருக்கலாம், குடும்பத்துக்கு இடமில்லை. இரண்டாம் வகைக்கு ஏறினால் மனைவி வரலாம்; குடும்ப விசாவில் வந்தவர் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஐந்து வருடம் பிரிந்திருக்க மனமில்லை என்றால் மனைவியும் தனியாக ஜப்பானிய மொழி என்4 நிலையும் ஒரு துறைத் தேர்வும் முடித்து, தன் பெயரிலேயே முதல் வகை விசா எடுக்கலாம். மீன் பதப்படுத்துதல் உணவு உற்பத்தித் துறையில் வரும், முதியோர் பராமரிப்பு தனித் துறை. இரண்டு கம்பெனியும் ஒரே ஊரில், குறைந்தது ஒரே மாவட்டத்தில் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன் வரைபடத்தில் பாருங்கள். உங்கள் வேலை கடலோரத்தில், அவர் வேலை ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் என்றால் ஒரே நாட்டில் இருந்தும் சேர்ந்திருக்க முடியாது.